சாலைப் பணியாளரும் அரசும்: எய்னார் கெர்ஹார்ட்சனின் ஆட்சிக்காலமும் கிங்ஸ் பே நெருக்கடியும்

முன்னுரை

நார்வே என்னும் நாட்டின் பெயர் தமிழுலகில் பரவலாகப் பேசப்பட்டது, 2002ஆம் ஆண்டு இலங்கையில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின்போதுதான். அந்நாட்டு அமைச்சர்களும் தூதர்களும் அன்று நம் நாளேடுகளின் முதற்பக்கத்துக்கு வந்தனர். ஆயினும், அவர்களை உருவாக்கிய அரசியல் மரபு எத்தகையது, அது எவ்வெச் சோதனைகளைக் கடந்து வந்தது என்பனவற்றைத் தமிழில் விரிவாகப் பேசிய எழுத்துகள் அரியவை. அம்மரபின் நடுநாயகமாகத் திகழ்ந்த ஒருவரின் வாழ்வையும் பணியையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

எய்னார் கெர்ஹார்ட்சன் (1897–1987) நார்வே நாட்டின் பிரதமர் பொறுப்பை 1945க்கும் 1965க்கும் இடையில் மூன்று முறை ஏற்று, ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் ஆட்சி புரிந்தவர். தொழிலாளர் கட்சியின் தலைவராக இருபது ஆண்டுகள் விளங்கியவர். அந்நாட்டு மக்கள் அவரை 'நாட்டின் தந்தை' எனும் பொருள்படும் சொல்லால் குறிப்பிடுவர். அவரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி, மக்கள் நல அரசை நிறுவியவர் என்ற புகழுரையோடு நின்றுவிடுகிறது. அப்புகழ் தகுதியானதே, அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் நம்மை ஈர்ப்பது வேறொரு வினா. பொதுத் துன்பத்தில் விளைந்த நம்பிக்கையால் ஆட்சிக்கு வந்த ஒரு கட்சி, காலப்போக்கில் தன்னையும் அரசையும் வேறுபடுத்திக் காண இயலாத நிலையை எய்தும்போது, அதனிடம் கணக்குக் கேட்பவர் யார்? ஒரே கட்சியின் நெடிய ஆட்சியை அனுபவத்தால் அறிந்த நிலப்பகுதியில் வாழும் நமக்கு இவ்வினா அயலானதன்று.

சாலைப் பணியிலிருந்து நகராட்சிக்கு

கெர்ஹார்ட்சன் 1897ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், தலைநகருக்கு அருகிலுள்ள ஆஸ்கர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சாலைப் பணியாளர். மகனும் பதின்ம வயதிலேயே நகராட்சியின் சாலைத் துறையில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தொழிற்சங்கமே அவருக்குப் பள்ளியாயிற்று. கூட்ட நடவடிக்கைகளை எழுதுவதும் பலருடைய மாறுபட்ட கருத்துகளைத் திரட்டி ஒரு முடிவுக்குக் கொணர்வதும் அங்கே அவர் கற்றவை. பிற்காலத்தில் அமைச்சரவையையும் அவர் ஒரு சங்கக் கூட்டத்தைப் போலவே நடத்தினார் எனலாம்: யாவரையும் பேசவிட்டு, இறுதியில் தாம் பேசுவார்.

அக்கால நார்வே தொழிலாளர் கட்சியைப் பிற்கால மிதவாதக் கட்சியின் சாயலில் எண்ணிப் பார்ப்பது பிழையாகும். ருசியப் புரட்சியின் தாக்கத்தால் அது 1919ஆம் ஆண்டு, மாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுவுடைமை அகிலத்தில் இணைந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1923இல், மாஸ்கோவின் கட்டளைகளுக்கு அடிபணிய மறுத்து விலகியது; விலக விரும்பாதவர்கள் பிரிந்து கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினர். கெர்ஹார்ட்சன் பெரும்பான்மையோடு தாய்க் கட்சியிலேயே நின்றார். எனினும் அவர் அன்று மிதவாதியல்லர். இளைஞர்களை இராணுவப் பணியைப் புறக்கணிக்கத் தூண்டிய இயக்கத்தில் பங்கேற்றமைக்காக 1924ஆம் ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தம் நாட்டை ஓர் இராணுவக் கூட்டணியில் சேர்க்கும் பொறுப்பு இவரிடமே வந்து சேர்ந்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

தொழிலாளர் கட்சி முதன்முதலில் 1928ஆம் ஆண்டு ஆட்சியமைத்தது. பதினெட்டே நாள்களில் அவ்வாட்சி கவிழ்ந்தது. பின்னர், பொருளாதார மந்தத்தின் கொடுமையால் நாடு தத்தளித்த வேளையில், விவசாயிகள் கட்சியுடன் 1935இல் செய்துகொண்ட உடன்பாட்டின் வாயிலாக மீண்டும் ஆட்சிக்கு வந்தது. புரட்சிக் கட்சி சீர்திருத்தக் கட்சியாக உருமாறியது இப்பத்தாண்டில்தான். கெர்ஹார்ட்சனின் மாற்றமும் இதனோடு இணைந்தே நிகழ்ந்தது. 1932இல் ஓஸ்லோ நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர் 1940இல் அந்நகரின் மேயரானார். தாம் முன்பு கல்லும் மண்ணும் சுமந்த சாலைகளை நிருவகிக்கும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது.

சிறையும் பொதுத் திட்டமும்

செர்மானியப் படைகள் 1940 ஏப்ரல் 9ஆம் நாள் நார்வேயின்மீது படையெடுத்தன. மன்னரும் அமைச்சரவையும் வடக்கே பின்வாங்கி, சூன் மாதத்தில் இலண்டன் சென்றடைந்தனர். கெர்ஹார்ட்சன் நாட்டிலேயே தங்கினார். ஆக்கிரமிப்பாளர்கள் அவரைப் பதவியிலிருந்து நீக்கியபின், மறைமுக எதிர்ப்பியக்கத்தில் ஈடுபட்டார். 1941 செப்டம்பரில் ஓஸ்லோவில் வெடித்த வேலைநிறுத்தத்தை ஒடுக்க நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, செப்டம்பர் 10ஆம் நாள் விகோ ஹான்ஸ்டீன், ரோல்ஃப் விக்ஸ்ட்ரம் ஆகிய தொழிற்சங்கத் தலைவர் இருவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். மறுநாள் கெர்ஹார்ட்சன் கைதானார். ஓஸ்லோவுக்கு மேற்கேயுள்ள கிரினி முகாமிலும், 1942 முதல் செர்மனியின் சாக்சன்ஹவுசன் வதைமுகாமிலும் அடைக்கப்பட்டார். 1944இல் மீண்டும் கிரினிக்குக் கொண்டுவரப்பட்ட அவர், 1945 மே மாதத்தில் நாடு விடுதலையடையும்வரை சிறையிலேயே இருந்தார்.

அவருடைய அரசியல் வாழ்வைப் பொருத்தவரை இச்சிறைக்காலத்தின் இன்றியமையாமையை மிகைப்படுத்த இயலாது. முகாம்களில் தொழிலாளர் கட்சியினரும் பழமைவாதிகளும் தாராளவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே அறையில் உறங்கினர். விடுதலைக்குப் பின் நாட்டை எவ்வாறு மீட்டெடுப்பது என்பது அவர்களது இடைவிடாப் பேச்சாக இருந்தது. கட்சிகள் அனைத்தும் 1945இல் ஏற்றுக்கொண்ட 'பொதுத் திட்டம்' இத்தகைய உரையாடல்களில் முளைவிட்டது. யாவருக்கும் வேலை, அரசின் திட்டமிடல், தொழில்வளர்ச்சி, சமூகப் பாதுகாப்பு ஆகியவை அதன் கூறுகள். இவை எவையும் அன்று ஒரு கட்சிக்கே உரிய கொள்கையாகக் கருதப்படவில்லை.

விடுதலைக்குப் பின், ஆட்சியமைக்கும் பொறுப்பு முதலில் தலைமை நீதிபதியும் எதிர்ப்பியக்கத் தலைவருமான போல் பேர்க்கிடம் அளிக்கப்பட்டது. அவரால் இயலாமற்போகவே, மேயர் பதவிக்குத் திரும்பியிருந்த கெர்ஹார்ட்சன் அழைக்கப்பட்டார். 1945 சூன் 25ஆம் நாள், கம்யூனிஸ்டுகள் உள்ளிட்ட எல்லாக் கட்சிகளும் இடம்பெற்ற அமைச்சரவைக்கு அவர் தலைமையேற்றார். அவ்வக்டோபரில் நடைபெற்ற தேர்தலில் தொழிலாளர் கட்சி 150 இடங்களில் 76ஐக் கைப்பற்றியது. வாக்கு விகிதமோ 41 விழுக்காடுதான். தேர்தல் முறையின் இயல்பால் சிறுபான்மை வாக்குகள் பெரும்பான்மை இடங்களாயின. இப்பெரும்பான்மை 1961 வரை நீடித்தது.

திட்டமிடும் அரசு

புதிய அரசின்முன் குவிந்திருந்த பணிகள் மலைக்கத்தக்கவை. வடகோடி மாநிலமான ஃபின்மார்க், பின்வாங்கிய செர்மானியரால் 1944ஆம் ஆண்டின் இறுதியில் தீக்கிரையாக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 50,000 மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். நாட்டின் முதன்மை வருவாயான வணிகக் கப்பற்படையின் பாதியளவு கடலில் மூழ்கியிருந்தது. பகைவருக்குத் துணைபோனோர்மீது 90,000க்கும் மேற்பட்ட வழக்குகள் ஆராயப்பட வேண்டியிருந்தன. அவர்களுள் தலையாயவரான விட்குன் குவிஸ்லிங் 1945 அக்டோபர் 24ஆம் நாள் மரண தண்டனைக்குள்ளானார்.

கெர்ஹார்ட்சன் பொருளியல் அறிஞரல்லர். அவர் அறிஞர்களைத் தேர்ந்து பணியமர்த்தினார். ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் ராக்னர் ஃபிரிஷ் என்பாரிடம் பயின்ற எரிக் புரோஃபோஸ் நிதியமைச்சரானார். (பொருளியலுக்கான நோபெல் நினைவுப் பரிசின் முதற்பேறு 1969இல் ஃபிரிஷுக்கும் டச்சு அறிஞர் ஒருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.) முதலீடு, இறக்குமதி, விலை ஆகிய யாவும் அரசின் கணக்கீட்டுக்குள் வந்தன. இரண்டாவது குழந்தை முதல் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கும் சட்டமும், எளியோர் வீடு கட்டக் குறைந்த வட்டியில் கடன் தரும் வீட்டுவசதி வங்கியும் 1946இல் தோன்றின. மாணவர்களுக்கான கல்விக்கடன் நிதியம் அடுத்த ஆண்டு வந்தது. ஆசிரியர்களாகிய நம் கவனத்துக்குரிய மற்றொன்று, ஒன்பதாண்டுப் பொதுப்பள்ளியை உள்ளூராட்சிகள் தொடங்க வழிசெய்த 1959ஆம் ஆண்டுச் சட்டம். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கல்வி, சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு வேறொரு கல்வி என்றிருந்த நிலை அதனால் மாறத் தொடங்கிற்று.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. நுகர்வு கட்டுப்படுத்தப்பட்டது, தனியார் மகிழுந்து வாங்குவதற்கான கட்டுப்பாடு 1960 வரை நீங்கவில்லை. அதனை மக்கள் பொறுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம், ஆட்சியாளரின் வாழ்முறை என்று நாம் கருதுகிறோம். பிரதமரும் அவர்தம் துணைவியார் வெர்னாவும் பிள்ளைகளும் ஓஸ்லோவின் தொழிலாளர் வட்டாரத்தில், சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வாழ்ந்தனர். எளிமையை அரசியல் உத்தியாகக் கையாள்வோர் எல்லா நாடுகளிலும் உளர். இவரைப் பொருத்தவரை அது பழக்கமே என்று தோன்றுகிறது. எவ்வாறாயினும் அதன் அரசியற் பயன் பெரிது.

மற்றொரு கூறு, அரசே முதலாளியாக மாறியமை. மோ இ ராணாவில் இரும்பாலை நிறுவ 1946இல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. ஓர்டால், சுன்டால் என்னும் இடங்களில் அரசுக்குரிய அலுமினிய ஆலைகள் எழுந்தன. வடதுருவப் பகுதியான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், 1929 முதல் மூடிக்கிடந்த நீ-ஓலெசுண்ட் நிலக்கரிச் சுரங்கம் 1945இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. அதன் உரிமையாளரான கிங்ஸ் பே நிறுவனமும் அரசுடைமையே. தொழிலாளரின் கட்சி ஆளும் நாட்டில், அரசுக்குச் சொந்தமான சுரங்கத்தில் தொழிலாளர் பாதுகாப்பு ஐயத்துக்கிடமற்றது என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்ததோ வேறு.

கூட்டணியும் ஐயமும்

அதற்குமுன் வெளியுறவுக் கொள்கையைச் சற்று நோக்குவது தேவை. ஏனெனில் 1963இல் அரசு கவிழ்ந்தமைக்கு அதிலும் ஒரு வேர் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றிய சில நாள்களில், 1948 பிப்ரவரி 29ஆம் நாள், கெர்ஹார்ட்சன் குரோக்கரோய் என்னுமிடத்தில் ஆற்றிய உரை, நார்வே கம்யூனிஸ்ட் கட்சியை நாட்டின் சுதந்திரத்துக்கும் மக்களாட்சிக்கும் பேரிடராகச் சித்திரித்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரது அமைச்சரவையில் அமர்ந்திருந்தவர்களின் கட்சி அது. ஸ்காண்டிநேவிய நாடுகளின் தனிப் பாதுகாப்புக் கூட்டணிக்கான பேச்சு 1949 தொடக்கத்தில் முறிந்தபின், நெடிய தயக்கத்துக்குப் பிறகு, நேட்டோவில் இணைவதற்கு அவர் உடன்பட்டார். அத்தயக்கம் அவரைவிட்டு ஒருபோதும் முற்றிலும் அகலவில்லை. அமைதிக்காலத்தில் அயல்நாட்டுப் படைத்தளங்களை அனுமதிப்பதில்லை என்று அவரது அரசு சோவியத் ஒன்றியத்துக்கு உறுதியளித்தது. 1955இல் மாஸ்கோவுக்குச் சென்றார். 1957 டிசம்பரில் பாரிசில் கூடிய நேட்டோ மாநாட்டில், நார்வே மண்ணில் அணுவாயுதங்களை வைப்பதற்கில்லை என்று வெளிப்படையாக உரைத்தார்.

இடையில், 1951 நவம்பரில் அவர் எதிர்பாராத வகையில் பதவி விலகியிருந்தார். ஆஸ்கர் டோர்ப் பிரதமரானார். கட்சித் தலைமையைக் கெர்ஹார்ட்சன் கைவிடவில்லை. 1955 சனவரியில் பிரதமர் பதவிக்கும் திரும்பினார். டோர்ப் ஆட்சியில் தொடங்கிய ஒரு முயற்சி இந்தியவியல் துறையினராகிய நம் ஆர்வத்துக்குரியது. 1952ஆம் ஆண்டு இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அன்றைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் கொல்லத்துக்கு அருகிலுள்ள நீண்டகரையில் மீன்வள மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இயந்திரப் படகுகளும் நலவாழ்வு நிலையமும் அக்கடற்கரைக்கு வந்தன. பிற்காலத்தில் அது தமிழகத்தின் மண்டபம் வரை விரிந்தது. இறாலின் ஏற்றுமதி பெருகியதும், இயந்திரப் படகினர்க்கும் மரபுவழி மீனவர்க்கும் இடையே பூசல் மூண்டதும் தனியே ஆராயத்தக்கன. இங்கு நாம் சுட்ட விழைவது, இத்திட்டத்துக்கு ஓர் உள்நாட்டு நோக்கமும் இருந்தது என்பதையே. இராணுவக் கூட்டணியில் மனம் ஒப்பாத கட்சியின் இடதுசாரியினருக்கு, உலக நலன் கருதும் வேறொரு பணியைக் காட்ட வேண்டிய தேவை தலைமைக்கு இருந்தது.

அவ்வுத்தி நெடுநாள் பயன்தரவில்லை. நேட்டோவையும் அணுவாயுதத்தையும் எதிர்த்த குழுவினர் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 1961இல் சோசலிச மக்கள் கட்சியைத் தொடங்கினர். அவ்வாண்டுத் தேர்தலில் தொழிலாளர் கட்சிக்கு 74 இடங்கள், வலதுசாரி மற்றும் நடுநிலைக் கட்சிகளுக்கு 74 இடங்கள், புதிய கட்சிக்கு 2. தராசின் முள் அவ்விருவர் கையில் சிக்கியது. இடதுசாரியினர்மீது ஆட்சியின் நிழலில் நிகழ்ந்தவை இன்னும் கசப்பானவை. நீதிபதி கெட்டில் லுண்ட் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கை 1996இல் வெளிவந்தபோது, கம்யூனிஸ்டுகளும் பிற இடதுசாரியினரும் சட்டத்துக்குப் புறம்பாகப் பன்னெடுங்காலம் உளவு பார்க்கப்பட்டமையும், தொழிலாளர் இயக்கத்தைச் சார்ந்தோர் சிலர் அதற்குத் துணைநின்றமையும் உறுதியாயின. கட்சியும் அரசும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

கிங்ஸ் பே

நீ-ஓலெசுண்ட் சுரங்கம் எரிவளி மிகுந்தது. 1948, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் அங்கு நேர்ந்த வெடிப்புகள் பல உயிர்களைப் பறித்தன. நாடாளுமன்றம் ஒவ்வொரு முறையும் நிதியை ஒதுக்கியது. சுரங்கம் தொடர்ந்து இயங்கியது. 1962 நவம்பர் 5ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பில் 21 பேர் மாண்டனர். சிலருடைய உடல்கள் மீட்கப்படவே இல்லை.

விசாரணைக் குழுவின் அறிக்கை 1963ஆம் ஆண்டின் நடுவில் வெளிவந்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளிலும் மேற்பார்வையிலும் இருந்த குறைகளை அது கடுமையாகச் சாடியது. தொழில்துறை அமைச்சர் சேல் ஹோலர் பதவி விலக, ஐக்கிய நாடுகள் அவையின் முதற் பொதுச்செயலாளராக விளங்கிய திரிக்வே லீ அவ்விடத்துக்கு வந்தார். அதனோடு விவகாரம் முடிந்துவிடும் என்று ஆளுங்கட்சி நம்பியது போலும். எதிர்க்கட்சிகளின் வினாவோ ஓர் அமைச்சரைக் கடந்தது. சுரங்கத்தின் நிலை நாடாளுமன்றத்துக்கு முழுமையாக உரைக்கப்பட்டதா? அரசு நிறுவனமொன்றில் நேரும் கேட்டுக்கு ஆட்சி பொறுப்பேற்குமா, அன்றி அன்றாட நிருவாகம் நிறுவனத்துக்குரியது என்று ஒதுங்குமா?

தனியார் முதலாளி ஒருவரின் சுரங்கத்தில் 21 பேர் மாண்டிருந்தால், தொழிலாளர் கட்சியின் முதற்குரல் எதுவாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. இங்கே முதலாளி, மேற்பார்வையாளர், சட்டமியற்றுவோர், தொழிலாளரின் அரசியற் பிரதிநிதி ஆகிய நான்கு பொறுப்புகளும் ஒரே இயக்கத்திடம் குவிந்திருந்தன. நான்கும் ஒன்றையொன்று கண்காணிக்க வேண்டியவை. கெர்ஹார்ட்சன் இச்சிக்கலின் ஆழத்தை உணர்ந்திருந்தார் என்று கூற நமக்குச் சான்றில்லை. எதிர்க்கட்சிகள் ஒரு விபத்தை ஆட்சிமாற்றத்துக்குப் பயன்படுத்துகின்றன என்பதே அவரது நோக்கில் முதன்மை பெற்றது. அதிலும் ஓரளவு உண்மை இருந்தது.

விவாதம் 1963 ஆகஸ்டு 20 முதல் 23 வரை நடைபெற்றது. வானொலியும் புதிதாய் வந்திருந்த தொலைக்காட்சியும் அதனை மக்களிடம் கொண்டுசென்றன. சோசலிச மக்கள் கட்சியின் இரு உறுப்பினர்கள் எதிர்க்கட்சியினரோடு இணைந்து வாக்களித்தனர். 76க்கு 74 என்ற கணக்கில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வென்றது. தம்மை வெளியேற்றிய கட்சியை அவ்விருவரும் ஆட்சியிலிருந்து வெளியேற்றினர் என்று இதனைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். ஆயின் அவர்கள் எழுப்பிய பொறுப்புடைமை வினா பழிவாங்கலாக மட்டும் கொள்ளத்தக்கதன்று.

நான்கு வாரங்கள்

நார்வே அரசியலமைப்பில் நாடாளுமன்றத்தை இடையில் கலைக்க வழியில்லை. எனவே தேர்தலின்றியே, பழமைவாதக் கட்சியைச் சார்ந்த யோன் லிங் நான்கு கட்சிகளின் கூட்டணி அரசை ஆகஸ்டு 28ஆம் நாள் அமைத்தார். சோசலிச மக்கள் கட்சி இப்போது தொழிலாளர் கட்சியோடு சேர்ந்து வாக்களிக்க, அவ்வரசு நான்கே வாரங்களில் விழுந்தது. செப்டம்பர் 25ஆம் நாள் கெர்ஹார்ட்சன் மீண்டும் பிரதமரானார்.

வெளித்தோற்றத்தில் எதுவும் மாறவில்லை. உண்மையில் மாறியது பெரிது. போருக்குப் பின் பதினெட்டு ஆண்டுகளாக ஒன்றுபட இயலாதிருந்த நான்கு கட்சிகளும் ஒரே மேசையில் அமர்ந்து ஆளமுடியும் என்பதை மக்கள் கண்ணாரக் கண்டனர். மக்கள் நலத் திட்டங்களைத் தாங்கள் கைவிடப்போவதில்லை என்பதையும் லிங்கின் அரசு தெளிவுபடுத்திற்று. நல அரசு ஒரு கட்சியின் உடைமையாக இருந்த நிலை அன்றோடு முடிந்தது. வரலாற்றறிஞர் யென்ஸ் ஆருப் சைப், 19ஆம் நூற்றாண்டின் அதிகாரிகள் அரசிலிருந்து தம் காலத்து 'ஒருகட்சி அரசு' வரையிலான பயணத்தை விளக்கும் புகழ்பெற்ற உரையை வெளியிட்டதும் அதே 1963இல்தான் என்பது சுவையான தற்செயல். அவர் பெயரிட்ட நிலை, பெயர் பெற்ற ஆண்டிலேயே தளரத் தொடங்கிவிட்டது. 'ஒருகட்சி அரசு' என்னும் தொடர் சற்று மிகை என்பதே நம் கருத்து. இரண்டு வாக்குகளால் வீழ்த்தப்பட்டு, மறுப்பேதுமின்றி அலுவலகத்தைக் காலிசெய்யும் பிரதமரை ஒருகட்சி அரசுகள் அறியா.

1965 செப்டம்பர் தேர்தலில் தொழிலாளர் கட்சி 68 இடங்களையே பெற்றது. அக்டோபர் 12ஆம் நாள் பேர் போர்டன் பிரதமரானார். அனைவருக்குமான தேசியக் காப்பீட்டுச் சட்டம் 1966இல் நிறைவேறி 1967 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தபோது, ஆட்சியிலிருந்தது எதிரணியே. கெர்ஹார்ட்சனின் இறுதி ஆட்சிக்காலத்தில் வெளியான வேறோர் ஆணை அன்று எவர் கவனத்தையும் பெரிதாக ஈர்க்கவில்லை: 1963 மே 31ஆம் நாள், கடலடிக் கண்டத்திட்டின்மீது நார்வே தன் இறைமையை அறிவித்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் வடகடலில் எண்ணெய் கண்டறியப்பட்டபோதுதான் அதன் மதிப்பு வெளிப்பட்டது.

1969 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர், எழுபதுகளில் தம் நினைவுகளைப் பல நூல்களாக எழுதினார். கட்சியின் ஆற்றல்மிக்க செயலாளர் ஹோக்கன் லீயோடு அவருக்கிருந்த நெடுநாள் பூசல் 1967 மாநாட்டில் வெளிப்படையாக வெடித்தது. இளைய தலைமுறையினர் பலர் கெர்ஹார்ட்சன் பக்கம் நின்றனர். 1987 செப்டம்பர் 19ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் அவர் காலமானார்.

நீ-ஓலெசுண்ட் சுரங்கம் 1962 வெடிப்புக்குப் பின் நிலக்கரி எடுக்கவில்லை. மூடப்பட்ட அச்சுரங்க ஊர் பின்னர் பன்னாட்டு ஆய்வுக் குடியிருப்பாக மாறியது. நார்வே அரசுக்குச் சொந்தமான கிங்ஸ் பே நிறுவனமே அதனை நிருவகித்துவருகிறது. வடதுருவப் பகுதியில் இந்தியாவின் முதல் ஆய்வு நிலையமான 'ஹிமாத்ரி' 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்டது அங்கேதான்.